கரண்ட் போனால் சர்வர் தானாக அணையவும் வந்ததும் தானாக எழவும்: முழுமையான வழிகாட்டி

யுபிஎஸ் ஒன்றை வாங்கிச் சர்வரை அதில் மாட்டிவிட்டால் மின்தடையைப் பற்றிய கவலை தீர்ந்தது என்று பலரும் அத்தோடு விட்டுவிடுகிறார்கள். உண்மையில் யுபிஎஸ் செய்வது, சர்வர் திடீரென அணைவதைச் சில நிமிடங்கள் தள்ளிப்போடுவது மட்டுமே. அதற்குள் கரண்ட் வரவில்லை என்றால் பேட்டரி தீரும், அதே திடீர் அணைப்பு அப்போது நடக்கும். அந்தச் சில நிமிடங்களுக்குள் சர்வர் தன் வேலைகளை முடித்துக்கொண்டு ஒழுங்காக அணைய வேண்டும். கரண்ட் திரும்பியதும் யாரும் போய்ப் பட்டனை அழுத்தாமலே எழ வேண்டும். இந்த இரண்டையும் ஆள் இல்லாமல் நடத்துவது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை.

இதற்கு நான் பயன்படுத்துவது நட் என்னும் இலவசத் திறந்த மென்பொருள். நெட்வொர்க் யுபிஎஸ் டூல்ஸ் என்பதன் சுருக்கம் அது. லினக்ஸை வைத்தே விளக்குகிறேன். கோப்புகளின் பெயர்களையும் கட்டளைகளையும் தமிழ் எழுத்தில் தருகிறேன். நட் நிறுவியதும் அதன் அமைப்புக் கோப்புகளில் பெரும்பாலான வரிகளும் விளக்கக் குறிப்புகளோடு ஏற்கெனவே இருக்கும் என்பதால், நான் சொல்லும் வரியை அங்கே பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிடும்.

திடீர் அணைப்பில் என்ன கெடுகிறது

"கோப்பு முறையில் ஜர்னல் இருக்கிறதே, பிறகென்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. ஜர்னல் என்பது செய்யப்போகும் மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் பதிவேடு. எக்ஸ்ட்4 போன்ற லினக்ஸ் கோப்பு முறைகளின் ஜர்னல் இயல்பான அமைப்பில் காப்பாற்றுவது கோப்புகளின் பட்டியலையும் கட்டமைப்பையும்தான். அந்த நொடியில் நினைவகத்தில் இருந்த, இன்னும் டிஸ்க்குக்குப் போய்ச் சேராத தரவு போனது போனதுதான். தரவுத்தளங்கள் தங்கள் சொந்தப் பதிவேட்டை வைத்து மீண்டு வரும். ஆனால் அதுவும் "எழுதிவிட்டேன்" என்று டிஸ்க் சொல்வது உண்மையாக இருந்தால்தான். தன் தற்காலிக நினைவகத்தில் வாங்கி வைத்துக்கொண்டே "எழுதியாயிற்று" என்று சொல்லும் டிஸ்க்குகள் இருக்கின்றன. பல டிஸ்க்குகளைச் சேர்த்து, ஒன்று பழுதானாலும் தரவு மிஞ்சும்படி செய்யும் ரெய்டு 5 அமைப்பை வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு ஆபத்து: தரவு எழுதப்பட்டு, அதற்கான பாரிட்டி (பழுதான டிஸ்க்கின் தரவைக் கணக்கிட்டு மீட்க உதவும் கூடுதல் தகவல்) எழுதப்படும் முன் கரண்ட் போனால் இரண்டும் பொருந்தாமல் நிற்கும். இது அப்போது தெரியாது. பல மாதம் கழித்து ஒரு டிஸ்க் பழுதாகி, மற்றவற்றிலிருந்து தரவை மீட்கும்போதுதான் தெரியவரும்.

முதலில் கடிகாரத்தை எடுங்கள்

மென்பொருளை நிறுவும் முன் செய்ய வேண்டிய வேலை இது. பலரும் தாண்டிப் போகிற வேலையும் இதுதான். உங்கள் சர்வர் அணைய எவ்வளவு நேரம் எடுக்கிறது?

வழக்கமான வேலைச் சுமையோடு அது ஓடிக்கொண்டிருக்கும்போது அணைக்கும் கட்டளையைக் கொடுங்கள். பெட்டியின் விளக்கு அணையும்வரை எண்ணுங்கள். திரை கறுப்பானதும் நிறுத்திவிடாதீர்கள், அதற்குப் பிறகும் வேலை நடந்துகொண்டிருக்கலாம். சும்மா கிடக்கும் சர்வர் 20 வினாடியில் அணையலாம். அதே சர்வர் பெரிய தரவுத்தளத்தை இயக்கிக்கொண்டிருக்கும்போது மூன்று நான்கு நிமிடம் ஆகலாம். லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நிறுத்தும் சிஸ்டம்டி ஒவ்வொரு சேவையும் நிற்பதற்கு இயல்பாக 90 வினாடி அவகாசம் தருகிறது. நிற்க மறுக்கும் ஒரே ஒரு சேவை போதும், உங்கள் கணக்கில் 90 வினாடி கூடிவிடும். ஒரே பெட்டிக்குள் பல மெய்நிகர் கணினிகளை (மென்பொருளால் உருவாக்கிய கணினிகள்) ஓட்டும் ப்ராக்ஸ்மாக்ஸ், அவற்றில் ஒன்று அணைவதற்கு இயல்பாக 180 வினாடி வரை காத்திருக்கும். எல்லாப் பெட்டிகளுக்கும் இந்த நேரத்தை அளந்து ஒரு தாளில் எழுதி வையுங்கள். இனி வரும் எல்லா எண்களும் அந்தத் தாளிலிருந்துதான் வரப்போகின்றன.

அடுத்து யுபிஎஸ்ஸின் பக்கம். பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருப்பது விஏ (வோல்ட்-ஆம்பியர்) அளவு. நமக்கு வேண்டியது வாட். 1000 விஏ என்று போட்ட சிறிய யுபிஎஸ் 600 வாட்தான் தாங்கும் என்பது சாதாரணம். பேட்டரி தாங்கும் நேரமும் நேர்விகிதத்தில் போவதில்லை: லோடு பாதியானால் நேரம் இரண்டு மடங்குக்கும் மேல் கூடும், லோடு இரட்டித்தால் பாதிக்கும் கீழே இறங்கும். அதனால் தேவையில்லாத ஒரு மானிட்டரைக் கழற்றிவிடுவதுகூட உதவும்.

இப்போது கணக்கு. கரண்ட் போனதும் எவ்வளவு நேரம் பொறுத்துப் பார்ப்பது, அதோடு எல்லாப் பெட்டிகளும் அணையும் நேரம். உதாரணமாக 2 நிமிடம் பொறுப்போம். மெதுவான பெட்டி அணைய 4 நிமிடம், கடைசியாக அணையும் பெட்டிக்கு 1 நிமிடம் என்று வைத்தால் மொத்தம் 7 நிமிடம். புதிய பேட்டரி இதைப் போல இரண்டு மடங்கு, அதாவது 14 அல்லது 15 நிமிடம் தாங்க வேண்டும் என்பது நான் வைத்திருக்கும் விதி. பேட்டரி மூப்படையும்; இன்று 15 நிமிடம் தருவது மூன்றாம் ஆண்டில் 8 நிமிடம் தந்தாலும் நம் கணக்கு உடையக்கூடாது.

எது எதில் மாட்டியிருக்கிறது

பல யுபிஎஸ்களின் பின்பக்கத்தில் இரண்டு வகை சாக்கெட்டுகள் இருக்கும். ஒரு வரிசை பேட்டரியோடு இணைந்தது. இன்னொரு வரிசை மின்னழுத்தத் தாக்குதலிலிருந்து மட்டும் காக்கும், கரண்ட் போனால் அதுவும் போய்விடும். சர்வர் முதல் வரிசையில் இருக்கிறதா என்று குனிந்து ஒருமுறை பாருங்கள்.

நெட்வொர்க் சுவிட்சும் பேட்டரி வரிசையில்தான் இருக்க வேண்டும். இதை அழுத்திச் சொல்ல எனக்குக் காரணம் உண்டு. ஒருமுறை எல்லாவற்றையும் சரியாக அமைத்த பிறகும் மின்தடையில் ஒரே ஒரு சர்வர் மட்டும்தான் ஒழுங்காக அணைந்தது. மற்ற இரண்டும் கடைசிவரை ஓடிச் சட்டென்று இறந்தன. "அணையுங்கள்" என்ற செய்தியைச் சுமந்து போக வேண்டிய சுவிட்ச் சுவரில் மாட்டியிருந்தது. கரண்ட் போன நொடியிலேயே அது போய்விட்டது. லேசர் பிரிண்டரை மட்டும் பேட்டரி வரிசைக்குக் கொண்டுவராதீர்கள், அது சூடாகும்போது இழுக்கும் மின்சாரம் யுபிஎஸ்ஸைத் திணறடிக்கும்.

அப்புறம் தகவல் கேபிள். இப்போது வரும் பெரும்பாலான யுபிஎஸ்களில் யுஎஸ்பி இருக்கிறது. சிலவற்றில் நெட்வொர்க் துளை போலவே தோன்றும் துளை இருக்கும், ஆனால் அது நெட்வொர்க் அல்ல. யுபிஎஸ்ஸோடு வந்த கேபிளைத்தான் அதில் மாட்ட வேண்டும்.

நட் எப்படி வேலை செய்கிறது

மூன்று அடுக்குகள். கீழே டிரைவர்: கேபிள் வழியாக யுபிஎஸ்ஸோடு பேசுவது. நடுவில் யுபிஎஸ்டி: டிரைவர் சொல்வதை வாங்கி, கேட்பவர்களுக்கெல்லாம் 3493 என்ற போர்ட்டில் (நெட்வொர்க் வாசல் எண்) சொல்வது. மேலே யுபிஎஸ்மான்: நிலைமையைக் கவனித்துக்கொண்டே இருந்து, வேளை வந்ததும் கணினியை அணைப்பது. கேபிள் மாட்டிய கணினியில் மூன்றும் ஓடும். மற்றவற்றில் யுபிஎஸ்மான் மட்டும் போதும். ஒரு கேபிளை வைத்துக்கொண்டு பத்துக் கணினிகளை அணைக்க முடிவது இப்படித்தான்.

கேபிள் மாட்டிய கணினிக்கு பிரைமரி என்று பெயர், மற்றவை செகண்டரி. பழைய பதிப்புகளில் மாஸ்டர், ஸ்லேவ் என்று இருந்ததை 2022-இல் வந்த 2.8 பதிப்பு மாற்றியது. பழைய வழிகாட்டிகளைப் படித்தால் குழம்ப வேண்டாம், இரண்டும் ஒன்றே.

எந்தக் கணினியை பிரைமரி ஆக்குவது? கடைசியாக அணையக்கூடியது, எளிமையானது, அடிக்கடி மறுதொடக்கம் செய்யாதது. ராஸ்பெர்ரி பை போன்ற சிறிய பலகைக் கணினியைத்தான் நான் பரிந்துரைப்பேன். மிகக் குறைந்த மின்சாரத்தில் ஓடும். கரண்ட் வந்தால் தானே எழும், பயாஸ் (கணினி எழும்போது முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) அமைப்பு எதுவும் வேண்டாம். கனமான வேலை எதுவும் அதன் மேல் இல்லாததால் சில வினாடிகளில் அணையும்.

நிறுவுதல்

உங்கள் லினக்ஸின் வழக்கமான மென்பொருள் களஞ்சியத்திலேயே நட் இருக்கும். நிறுவியதும் யுஎஸ்பி கேபிளை ஒருமுறை கழற்றி மாட்டுங்கள். அனுமதி விதிகள் கேபிளை மாட்டும்போதுதான் நடைமுறைக்கு வரும், முன்பே மாட்டியிருந்தால் டிரைவருக்கு அனுமதி கிடைக்காமல் நிற்கும். "டிரைவர் தொடங்கவில்லை" என்ற புகாரைப் பார்த்தால் நான் முதலில் செய்வது இதைத்தான்.

அமைப்புக் கோப்புகள் எல்லாம் இடிசி அடைவுக்குள் நட் என்ற கோப்புறையில் இருக்கும். நட்.கான்ஃப் கோப்பில் மோட் என்ற ஒரே வரி முக்கியம். ஒரே ஒரு கணினி என்றால் ஸ்டாண்ட்அலோன், மற்றவர்களுக்கும் தகவல் சொல்லும் பிரைமரி என்றால் நெட்சர்வர், செகண்டரி என்றால் நெட்கிளையன்ட்.

அடுத்தது யுபிஎஸ்.கான்ஃப். இதில் யுபிஎஸ்ஸுக்கு நீங்களே ஒரு பெயர் வைத்து, டிரைவரைக் குறிப்பிடுகிறீர்கள். ஏபிசி, ஈட்டன், சைபர்பவர் ஆகியவற்றின் யுஎஸ்பி மாதிரிகள் பெரும்பாலும் யுஎஸ்பிஹிட்-யுபிஎஸ் என்ற டிரைவரில் ஓடும். பெயர் தெரியாத மலிவான மாதிரிகள் பல நட்டிஆர்வி-க்யூஎக்ஸ் என்ற டிரைவரில் ஓடும். நெட்வொர்க் அட்டை உள்ள பெரிய யுபிஎஸ்களுக்கு எஸ்என்எம்பி-யுபிஎஸ். எது என்று தெரியாவிட்டால் நட்-ஸ்கேனர் என்ற கட்டளையை ஓட்டுங்கள். கண்டுபிடித்ததை அப்படியே கோப்பில் ஒட்டும் வடிவத்தில் காட்டும்.

சேவையைத் தொடங்கிவிட்டு யுபிஎஸ்சி என்ற கட்டளையோடு யுபிஎஸ்ஸின் பெயரைக் கொடுங்கள். நீளமான பட்டியல் வரும். அதில் நான்கைப் பாருங்கள்: பேட்டரி.சார்ஜ் சதவீதம், பேட்டரி.ரன்டைம் வினாடிகளில், யுபிஎஸ்.லோடு, யுபிஎஸ்.ஸ்டேட்டஸ். ஸ்டேட்டஸில் ஓஎல் என்றால் கரண்ட் இருக்கிறது, ஓபி என்றால் பேட்டரியில் ஓடுகிறது, எல்பி என்றால் பேட்டரி தீரும் நிலை, ஆர்பி என்றால் பேட்டரியை மாற்று என்று யுபிஎஸ்ஸே சொல்கிறது. இந்தப் பட்டியல் வராமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

பயனர், கடவுச்சொல், கண்காணிப்பு

யுபிஎஸ்டி.யூசர்ஸ் கோப்பில் இரண்டு பயனர்களை உருவாக்குங்கள், ஒன்று பிரைமரிக்கு, ஒன்று செகண்டரிகளுக்கு. கடவுச்சொல் மறையாக்கம் இல்லாமல் அப்படியே கோப்பில் கிடக்கும். எனவே ரூட் என்னும் நிர்வாகிப் பயனரும் நட் குழுவும் தவிர யாரும் படிக்க முடியாதபடி அனுமதியைக் குறையுங்கள், வேறெங்கும் பயன்படுத்தும் கடவுச்சொல்லை இங்கே வைக்காதீர்கள். யுபிஎஸ்டி.கான்ஃப் கோப்பில் லிசன் வரியில் பிரைமரியின் உள் நெட்வொர்க் முகவரியைக் கொடுத்து, ஃபயர்வாலில் 3493-ஐ உங்கள் சர்வர்களுக்கு மட்டும் திறந்துவிடுங்கள். இணையத்துக்கு இந்தப் போர்ட் தெரியவே கூடாது.

யுபிஎஸ்மான்.கான்ஃப் கோப்பில் மானிட்டர் என்று தொடங்கும் வரி ஒவ்வொரு கணினியிலும் வேண்டும். யுபிஎஸ்ஸின் பெயரும் முகவரியும், ஒன்று என்ற எண், பயனர், கடவுச்சொல், பிரைமரியா செகண்டரியா என்பது, இந்த வரிசையில். அந்த ஒன்று என்ற எண், இந்த யுபிஎஸ் இந்தக் கணினியின் எத்தனை மின்வழங்கிகளுக்குச் சோறு போடுகிறது என்பதைச் சொல்கிறது. இரண்டு மின்வழங்கிகளை இரண்டு யுபிஎஸ்களில் மாட்டிய சர்வர் என்றால் இரண்டு மானிட்டர் வரிகள் எழுதி, மின்சப்ளைஸ் (குறைந்தது எத்தனை மின்வழங்கிகளுக்கு மின்சாரம் வேண்டும் என்பது) மதிப்பை 1 என்று விடுங்கள். இரண்டு யுபிஎஸ்களும் தீரும் நிலைக்கு வந்தால்தான் சர்வர் அணையும்.

இன்னொரு நல்ல குணம் நட்டிடம் இருக்கிறது. யுபிஎஸ் பேட்டரியில் ஓடுகிறது என்று கடைசியாகத் தெரிந்த நிலையில் தொடர்பு அறுந்துபோனால், யுபிஎஸ்மான் நிலைமை மோசம் என்றே எடுத்துக்கொண்டு கணினியை அணைத்துவிடும். கரண்ட் இருக்கும்போது தொடர்பு அறுந்தால் வெறும் எச்சரிக்கையோடு நிற்கும்.

அணையும் வரிசை

பலரும் தவறவிடும் இடம் இது. கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

பேட்டரி தீரும் நிலைக்கு வந்ததும் பிரைமரியின் யுபிஎஸ்மான் ஒரு கொடியை உயர்த்துகிறது, அதற்கு எஃப்எஸ்டி (கட்டாய அணைப்பு) என்று பெயர். செகண்டரிகள் அதைப் பார்த்து, இயல்பாக 5 வினாடி பொறுத்து, அணையத் தொடங்கி, யுபிஎஸ்டியோடு இருந்த தொடர்பை அறுத்துக்கொள்கின்றன. எல்லா செகண்டரிகளும் தொடர்பை அறுக்கும்வரை பிரைமரி காத்திருக்கும், ஆனால் அதிகபட்சம் ஹோஸ்ட்சிங்க் மதிப்பு வரைதான். இயல்பாக அது 15 வினாடி. பிறகு பிரைமரியும் அணையத் தொடங்கும். அணைப்பின் கடைசிக் கட்டத்தில், கோப்பு முறைகளெல்லாம் பாதுகாப்பாக மூடப்பட்ட பிறகு, அது யுபிஎஸ்ஸிடம் "வெளியே போகும் மின்சாரத்தை நிறுத்திவிடு" என்று சொல்லும். யுஎஸ்பிஹிட் டிரைவரில் இயல்பாக 20 வினாடி கழித்து யுபிஎஸ் நிறுத்தும்.

செகண்டரி தொடர்பை அறுத்துவிட்டது என்றால் அது அணைந்துவிட்டது என்று பொருள் அல்ல, அணையத் தொடங்கியிருக்கிறது என்றுதான் பொருள். உங்கள் தாளில் அந்தப் பெட்டிக்கு 4 நிமிடம் என்று எழுதியிருக்கிறீர்கள். பிரைமரி 20 வினாடியில் அணையும் சிறிய பலகைக் கணினி. இயல்பான மதிப்புகளோடு விட்டால் கொடி உயர்ந்து ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் யுபிஎஸ் மின்சாரத்தை அறுத்துவிடும், தரவுத்தளம் எழுதிக்கொண்டிருக்கும்போதே. கரண்ட் போனபோது நேராமல் காத்த விபத்தை நாமே நேரவைத்ததாக ஆகும்.

தீர்வு எளிது. யுபிஎஸ்.கான்ஃப் கோப்பில் ஆஃப்டிலே (யுபிஎஸ் மின்சாரத்தை நிறுத்தும் முன் காத்திருக்கும் நேரம்) மதிப்பை மிக மெதுவான செகண்டரியின் நேரத்தைவிடக் கூடுதலாக வையுங்கள். நம் உதாரணத்தில் 300 வினாடி. ஆன்டிலே (மீண்டும் மின்சாரம் கொடுக்கும்வரை காத்திருக்கும் நேரம்) மதிப்பு அதைவிடப் பெரிதாக இருக்க வேண்டும், 360 என்று வைக்கலாம். சில மாதிரிகள் முழு நிமிடங்களைத்தான் ஏற்கும், எனவே 60-இன் மடங்குகளாகவே கொடுங்கள். பேட்டரி அந்த 300 வினாடியும் தாங்க வேண்டும் என்பதால்தான் தீரும் நிலைக்குக் காத்திருக்காமல் முன்பே தொடங்க வேண்டியிருக்கிறது. அதற்கு அடுத்த படி.

நேரம் வைத்து அணைத்தல்

யுபிஎஸ் தானாக எல்பி என்று சொல்லும் அளவு பல மாதிரிகளில் 10 அல்லது 20 சதவீதம். புதிய பேட்டரியில் அது பரவாயில்லை. பழைய பேட்டரி 40 சதவீதம் காட்டிக்கொண்டிருந்துவிட்டு அடுத்த நிமிடமே கவிழும். அதனால் எல்பியைக் கடைசிக் காவலாக மட்டும் வைத்துக்கொண்டு, உண்மையான முடிவைக் கடிகாரத்திடம் விடுவதே நல்லது என்று நினைக்கிறேன்.

இதற்கு யுபிஎஸ்ஷெட் என்ற துணைக்கருவி நட்டோடு வருகிறது. யுபிஎஸ்மான்.கான்ஃப் கோப்பில் நோட்டிஃபைசிஎம்டி வரியில் அதன் பாதையைக் கொடுத்து, ஆன்பேட் (பேட்டரிக்கு மாறியது), ஆன்லைன் (கரண்ட் திரும்பியது) ஆகிய இரு நிகழ்வுகளுக்கும் நோட்டிஃபைஃப்ளாக் வரியில் எக்ஸெக் என்பதைச் சேருங்கள். பிறகு யுபிஎஸ்ஷெட்.கான்ஃப் கோப்பில் இரண்டு வரிகள்: ஆன்பேட் வந்தால் 120 வினாடி டைமரைத் தொடங்கு, ஆன்லைன் வந்தால் அந்த டைமரை ரத்து செய். டைமர் முடிந்ததும் ஒரு ஸ்கிரிப்ட் அழைக்கப்படும். பிரைமரியில் அந்த ஸ்கிரிப்ட் யுபிஎஸ்மான் கட்டளையை எஃப்எஸ்டி என்ற சொல்லோடு அழைத்தால் மேலே சொன்ன முழு வரிசையும் தொடங்கிவிடும்.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று: பைப்எஃப்என், லாக்எஃப்என் என்ற இரண்டு வரிகளும் டைமர் வரிகளுக்கு மேலே இருக்க வேண்டும். அவை காட்டும் கோப்புறையில் நட் பயனருக்கு எழுதும் அனுமதியும் வேண்டும். இல்லாவிட்டால் டைமர் தொடங்கவே தொடங்காது, கரண்ட் போகும்வரை அது உங்களுக்குத் தெரியவும் வராது.

120 வினாடி எதற்கு? பல மின்தடைகள் சில வினாடிகளில் முடிந்துவிடும். ஒவ்வொன்றுக்கும் சர்வரை அணைத்து எழுப்புவது தேவையில்லாத தொல்லை. ஆனால் இரண்டு நிமிடம் தாண்டியும் வரவில்லை என்றால் அது எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. பல பெட்டிகள் இருந்தால் டைமர்களையும் பிரித்து வைக்கலாம். சோதனைச் சர்வர், காப்புநகல் சர்வர் போன்றவை தங்கள் சொந்த யுபிஎஸ்ஷெட் டைமரால் 1 நிமிடத்திலேயே அணையட்டும். அவற்றின் ஸ்கிரிப்டில் சாதாரண அணைப்புக் கட்டளை போதும். லோடு குறைந்ததும் மீதமுள்ள முக்கியச் சர்வருக்குப் பேட்டரி நேரம் கணிசமாகக் கூடும்.

திரும்ப எழுதல்

அணைப்பது பாதி வேலை. மீதிப் பாதியை ஓர் இரவில்தான் நான் கற்றுக்கொண்டேன். கரண்ட் போனது, சர்வர் அழகாக அணைந்தது, அணைந்துகொண்டிருக்கும்போதே கரண்ட் வந்துவிட்டது. மறுநாள் காலை வரை சர்வர் எழவில்லை. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் சர்வரின் பார்வையில் கரண்ட் ஒருபோதும் போகவே இல்லை. யுபிஎஸ் விடாமல் மின்சாரம் கொடுத்துக்கொண்டே இருந்தது. "கரண்ட் திரும்பினால் எழு" என்ற பயாஸ் அமைப்பு இருந்தும், திரும்புவதற்கு அது முதலில் போயிருக்க வேண்டும் அல்லவா.

அதனால்தான் அணைப்பின் முடிவில் யுபிஎஸ் தன் வெளியீட்டை அறுப்பது அவ்வளவு முக்கியம். நடுவில் கரண்ட் வந்துவிட்டாலும் எஃப்எஸ்டி கொடி இறங்காது. வரிசை முழுதும் நடந்து, யுபிஎஸ் வெளியீட்டை அறுத்து, ஆன்டிலே நேரம் முடிந்ததும் மீண்டும் கொடுக்கும். அந்த ஒரு வெட்டுதான் சர்வர்களை எழுப்பும் மணி. யுபிஎஸ்மான்.கான்ஃப் கோப்பில் பவர்டவுன்ஃப்ளாக் வரி அணைத்து வைக்கப்படாமல் இருக்கிறதா என்று பாருங்கள், அந்த வரி இல்லாவிட்டால் வெட்டு நடக்காது. சில மலிவான மாதிரிகள் கரண்ட் இருக்கும்போது இந்தக் கட்டளையை மதிப்பதில்லை. உங்களுடையது மதிக்கிறதா என்பதைச் சோதித்துத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

பயாஸில் கரண்ட் திரும்பினால் என்ன செய்வது என்ற இடத்தில் பொதுவாக மூன்று தேர்வுகள்: அணைந்தே இரு, எழு, கடைசி நிலைக்குப் போ. "கடைசி நிலை" கேட்க நன்றாக இருக்கும். ஆனால் ஒழுங்காக அணைக்கப்பட்ட சர்வரின் கடைசி நிலை "அணைந்தது" என்பதுதான், எனவே அது எழாது. "எழு" என்பதையே தேர்ந்தெடுங்கள்.

இன்னொன்று: கரண்ட் வந்த உடனே எல்லாம் எழுவது நல்லதா? பேட்டரி காலியாக இருக்கும்போது சர்வர் எழுந்து, பத்து நிமிடத்தில் கரண்ட் மறுபடி போனால் ஒழுங்காக அணைய நேரம் இருக்காது. சில யுபிஎஸ்களில் பேட்டரி.சார்ஜ்.ரீஸ்டார்ட் என்ற மதிப்பு இருக்கும். பேட்டரி அந்தச் சதவீதத்தைத் தொட்ட பிறகுதான் வெளியீட்டைக் கொடுக்கும். அது இல்லாவிட்டால், பலகைக் கணினி முதலில் எழுந்து, சார்ஜ் 50 சதவீதத்தைத் தாண்டியதும் வேக்-ஆன்-லேன் (அணைந்த கணினியை நெட்வொர்க் வழியாக எழுப்பும் முறை) செய்தி அனுப்பி மற்றவற்றை எழுப்பும்படி சின்ன ஸ்கிரிப்ட் எழுதலாம். அப்படிச் செய்தால் மற்ற சர்வர்களின் பயாஸில் "அணைந்தே இரு" என்று வைக்க வேண்டும். சில பெட்டிகள் மின்சாரம் முழுதாக அறுந்து திரும்பிய பிறகு வேக்-ஆன்-லேனை மறந்துவிடும் என்பதால் அதையும் ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள்.

மெய்நிகர் கணினிகளும் நாஸ் பெட்டிகளும்

யுபிஎஸ்மானை ஓம்புநர் கணினியில் ஓட்டுங்கள், அதற்குள் இருக்கும் மெய்நிகர் கணினிகளில் வேண்டாம். ஓம்புநர் அணையும்போது உள்ளே இருப்பவற்றை அதுவே ஒவ்வொன்றாக அணைக்கும். அவற்றில் விருந்தினர் முகவர் என்னும் சிறு மென்பொருளை நிறுவியிருந்தால் அணைப்புச் செய்தி நம்பகமாகப் போய்ச் சேரும். தொடங்கும் வரிசையை அமைத்தால் அணையும்போது அது தலைகீழாக நடக்கும்: தரவுத்தளம் முதலில் எழும், கடைசியில் அணையும்.

சைனாலஜி நாஸ் (நெட்வொர்க் வழியாகத் தரவைச் சேமிக்கும் பெட்டி) வைத்திருப்பவர்கள் யுபிஎஸ்ஸை அதில் மாட்டி, அமைப்பில் நெட்வொர்க் யுபிஎஸ் சர்வர் என்பதை இயக்கினால் போதும். உள்ளே ஓடுவது நட்தான், மற்ற லினக்ஸ் கணினிகள் செகண்டரியாகச் சேரலாம். அனுமதிக்கும் முகவரிகளின் பட்டியலில் அவற்றைச் சேர்க்க மறக்காதீர்கள். சர்வர்கள் தங்கள் தரவை நாஸில் வைத்திருந்தால் நாஸ் கடைசியாக அணைய வேண்டும். அது முதலில் போய்விட்டால் மற்றவை எழுத இடம் இல்லாமல் தொங்கி நிற்கும்.

தகவல் கேபிள் இல்லாத யுபிஎஸ் என்றால்

இதற்கும் வழி உண்டு. யுபிஎஸ்ஸில் மாட்டாமல் நேராகச் சுவரில் மாட்டிய ஏதாவது இரண்டு நெட்வொர்க் சாதனங்களை எடுத்துக்கொள்ளுங்கள். பேட்டரியில் ஓடும் கணினி ஒன்று அவற்றை நிமிடத்துக்கு ஒருமுறை பிங் செய்து (பதில் வருகிறதா என்று கேட்டு) பார்க்கட்டும். இரண்டும் தொடர்ந்து மூன்று முறை பதில் சொல்லாவிட்டால் கரண்ட் இல்லை என்று முடிவு செய்து அணைக்கலாம். ஒரே சாதனத்தை நம்பினால் அது பழுதான அன்று நல்ல கரண்டில் சர்வர் அணையும், அதனால்தான் இரண்டு. சோதிக்கும் கணினியின் சொந்த இணைப்பு சரியாக இருக்கிறதா என்பதை யுபிஎஸ்ஸில் உள்ள சுவிட்சையோ ரூட்டரையோ பிங் செய்து உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும்.

இந்த முறையில் பேட்டரி எவ்வளவு இருக்கிறது என்பது தெரியாது, யுபிஎஸ்ஸை அறுக்கச் சொல்லவும் முடியாது. அதனால் அளந்து வைத்த நேரத்தில் பாதியை மட்டும் நம்புங்கள். எழுப்புவதற்கு, கடைசிவரை ஓடும் பலகைக் கணினியிலிருந்து வேக்-ஆன்-லேன் அனுப்புங்கள்.

சோதனை

மூன்று கட்டமாகச் செய்யுங்கள். முதலில், உண்மையான யுபிஎஸ்ஸைத் தொடாமலே. நட்டில் டம்மி-யுபிஎஸ் என்ற பொய் டிரைவர் இருக்கிறது. ஒரு கோப்பில் நீங்கள் எழுதும் நிலையையே யுபிஎஸ்ஸின் நிலையாகக் காட்டும். அதில் ஓபி என்று மாற்றி டைமர் தொடங்குகிறதா என்று லாகில் (நிகழ்வுப் பதிவில்) பாருங்கள். அப்போது அணைக்கும் கட்டளைக்குப் பதிலாக, லாகில் ஒரு வரி எழுதும் கட்டளையை வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவதாக, அணைக்கும் கட்டளையை மீண்டும் வைத்துவிட்டு, வேலை நடக்காத நேரம் பார்த்து, எல்லாப் பெட்டிகளுக்கும் காப்புநகல் எடுத்த பிறகு, பிரைமரியில் யுபிஎஸ்மானை எஃப்எஸ்டியோடு அழையுங்கள். கரண்ட் இருக்கும்போதே முழு வரிசையும் நடக்கும். கரண்ட் நடுவில் திரும்பி வரும் சூழ்நிலைக்கும் இதுவே சோதனை. எல்லாம் அணைந்து, யுபிஎஸ் வெளியீடு அறுந்து, திரும்ப வந்து, எல்லாம் எழ வேண்டும். கையில் கடிகாரம் இருக்கட்டும். ஒவ்வொரு பெட்டியும் அணைந்த நேரத்தையும் யுபிஎஸ் வெளியீடு அறுந்த நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். கடைசிப் பெட்டி அணைந்ததற்கும் அறுப்புக்கும் இடையே ஒரு நிமிடமாவது இருக்க வேண்டும்.

மூன்றாவதாக, உண்மையான மின்தடை. யுபிஎஸ்ஸின் பிளக்கைப் பிடுங்காதீர்கள், எர்த் இணைப்பும் சேர்ந்து போய்விடும். அந்த இணைப்புக்கான சுவர் சுவிட்சையோ பிரேக்கரையோ அணையுங்கள். இரண்டு நிமிடம் பொறுங்கள், வரிசை தொடங்கும். எல்லாம் அணைந்த பிறகு சுவிட்சைப் போடுங்கள்.

எழுந்ததும் லாகுகளைப் படியுங்கள். எந்தச் சேவை 90 வினாடியை முழுதாகத் தின்றது, எது ஒழுங்காக நிற்காமல் கொல்லப்பட்டது என்பது அங்கே இருக்கும். அதைச் சரிசெய்தால் உங்கள் தாளில் உள்ள எண்ணும் குறையும்.

இந்த மூன்றாவது சோதனையை ஆறு மாதத்துக்கு ஒருமுறை நடத்துங்கள். யுபிஎஸ்களில் இருக்கும் மூடிய ஈய அமில பேட்டரிகள் பொதுவாக 3 முதல் 5 ஆண்டுகள் உழைக்கும். 25 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும். சர்வர்களின் சூடான காற்று நேராக யுபிஎஸ்மேல் அடித்தால் இடத்தை மாற்றுங்கள். பேட்டரியை மாற்றிய தேதியை ஒரு ஸ்டிக்கரில் எழுதி யுபிஎஸ்ஸின் முன்பக்கத்தில் ஒட்டுங்கள், புதிய பேட்டரி போட்டதும் நேரத்தை மறுபடி அளந்து தாளைத் திருத்துங்கள். புதிதாக ஒரு சர்வரைச் சேர்க்கும் ஒவ்வொரு முறையும் ஆஃப்டிலே மதிப்பு இன்னும் பொருந்துகிறதா என்று அந்தத் தாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.